சுண்ணாம்புப் பொட்டு வைத்த தொட்டிகள்

அந்தப் பக்கம் நகராதீங்க ஆசாரியாரே. பால்கனிக் கதவை ஒட்டி நிக்க வேண்டாம். உளி, சுத்தியல் எல்லாம் இங்கேயே வச்சுக்கங்க, வாசக்கதவுக்கிட்ட. உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லல. யார் வந்தாலும் சொல்றதுதான். போன மாசம் கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வந்தவர் என் பூவைப் பார்த்து, அழகா இருக்கும்மான்னார். நான் கையெழுத்துப் போட்டு முடிக்கிறதுக்குள்ள மூணு தடவை திரும்பிப் பார்த்துட்டார். அழகா இருக்குன்னு சொல்றவங்க மேலதான் ஒரு கண்ணு வேணும். வேண்டாதவன் எதுக்கு அழகுங்கப் போறான்?

தாழ்ப்பாள் மட்டுமா போச்சு, நிலையே விண்டுபோச்சு பாருங்க. கடப்பாரை போட்டா அப்படித்தான். எப்படி உடைஞ்சதுன்னு கேக்க வாய் வருது உங்களுக்கு, கேக்காம இருக்கீங்க. நல்ல குணம். ஆனா குன்னூர் சின்ன ஊரு, கீழே பேக்கரியில ஒரு மாதிரி சொல்லுவாங்க, பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள அது வேற மாதிரி ஆயிடும். அதனால நானே சொல்லிடுறேன். திருடன் உடைக்கல. மூலை வீட்டு போஜன் மாஸ்டர் உடைச்சார். நேத்து, பட்டப்பகல்ல, ஒன்பதேகால் மணிக்கு. நான் வீட்டுக்குள்ள இருக்கும்போதே.

பால்கனியில இருக்கிறது என்ன செடின்னு கேட்டீங்கள்ல, அங்கிருந்து வரேன். அப்பத்தான் புரியும்.

அது வயலட். மலையில தானா முளைக்கிறது இல்ல, வீட்டுக்குள்ள வளர்க்கிற சாதி. இலை வெல்வெட் துணி மாதிரி, பூ ஒரு ரூபாக் காசு அகலம். ஊதா, ரோசு, வெள்ளை, ஓரத்துல மட்டும் சுருக்கம் வச்ச வெள்ளை. பின் வரிசையில மணி மாதிரி பெருசா இருக்கே, அது கிளாக்சீனியா. இதுக்குப் பெரியம்மா மகள்னு வச்சுக்கங்க. குளிர்காலத்துல செத்தமாதிரி கிழங்கா மண்ணுக்குள்ள படுத்துக்கும், சித்திரையில எழுந்துக்கும். தெரியாதவங்க தூக்கி எறிஞ்சிடுவாங்க.

இந்தப் பக்கம் ஒரு பெரிய விடுதி இருந்துச்சு, இப்ப இல்ல. அங்கே முப்பத்தொரு வருஷம் நான் அறை பெருக்கினேன். மேனேஜர் சம்சாரம் டோராம்மா சன்னல் பூராவும் இதுதான் வளர்த்தாங்க. ஒரு இலையைக் காம்போட எடுத்து மண்ணுல குத்தினாப் போதும், ரெண்டு மாசத்துல காம்படியில உளுந்து மாதிரி குட்டி இலை தலை காட்டும். ஒரு இலை ஒரு செடி. அதனாலதான் டோராம்மா யாருக்கும் ஒரு இலை தரமாட்டாங்க. என் முதல் இலை நான் சன்னல் துடைக்கும்போது கீழே விழுந்தது. விழுந்ததைத்தானே எடுத்தேன். சரி, துணி கொஞ்சம் பட்டிருக்கும். துணின்னா படத்தான் செய்யும். முந்தியில முடிஞ்சு கொண்டுவந்தேன். அதைப் போய் திருட்டுன்னு சொன்னா உலகத்துல எதுதான் திருட்டு இல்ல?

எங்க வீட்டுக்காரர் டீப்பெட்டிப் பலகையில ரெண்டு பெட்டி அடிச்சு பால்கனிக் கம்பிக்கு உள்பக்கமா மாட்டிக் கொடுத்தார். அவர் போய் அஞ்சு வருஷம் ஆச்சு. பெட்டிக்கு ஒன்பது தொட்டி, மொத்தம் பதினெட்டு. இதுல ஒரு வேலை இருக்கு, அதைக் கவனமாக் கேளுங்க. இந்தச் செடிக்கு வெளிச்சம் ஒரு பக்கமிருந்துதான் வருது. அப்படியே விட்டா மொத்த இலையும் வெளிச்சத்துப் பக்கம் சாஞ்சு, உடம்பு கோணி, அரைச் செடியா நிக்கும். அதனால தினமும் காலையில ஒவ்வொரு தொட்டியையும் கால்வட்டம் திருப்பணும். எது திருப்பினது எது திருப்பாததுன்னு மறந்துபோகும். அதுக்கு ஒவ்வொரு தொட்டி விளிம்புலயும் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வச்சிருக்கேன். பொட்டு ஒரு நாள் வெளியே பார்க்கும், மறுநாள் வலது கை, அதுக்கு அடுத்த நாள் வீட்டுக்குள்ள, அப்புறம் இடது கை. நாலு நாளைக்கு ஒரு சுத்து. காலையில ஆறரைக்குக் காப்பி, ஏழுக்குள்ள பதினெட்டும் திரும்பியிருக்கும். காய்ச்சல் வந்தாலும் திருப்பாம இருந்ததில்ல.

இப்ப மாஸ்டர் கதைக்கு வாங்க. இந்தக் கட்டடம் 'ட' எழுதின மாதிரி வளைஞ்சு கிடக்கு. கோட்டோட கடைசியில என் வீடு, வளைவுல அவர் வீடு. அவர் சமையக்கட்டுச் சன்னல் நேரா என் பால்கனியைப் பார்க்குது. ஒரு குடைக்கம்பை நீட்டினா முதல் பெட்டி எட்டும். ஆள் பள்ளிக்கூடத்துல டிரில் மாஸ்டரா இருந்தவர், எழுபத்திநாலு வயசு, சம்சாரம் இல்ல, மகள் வெளிநாடு. காலையில ஏழு மணிக்கு டீ டம்ளரோட அந்தச் சன்னல்ல வந்து நிப்பார். நின்னு என் பெட்டியைப் பார்ப்பார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, அஞ்சு வருஷமா. மலையில பார்க்கறதுக்கு எவ்வளவோ இருக்கு, பின் சன்னலைத் திறந்தா தேயிலைத் தோட்டம் கண்ணுக்கு எட்டின மட்டும் தெரியும். அதை விட்டுட்டு என் தொட்டியையே பார்க்கிற ஆளை நீங்க என்னன்னு நினைப்பீங்க? பூவைப் பார்த்தாலும் பரவாயில்ல. அவர் கண்ணு தொட்டி விளிம்புலயே இருக்கும். எண்ணுறார்னு எனக்கு அப்பவே பட்டுது.

ஆனா செடி மட்டும்னா நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன். இன்னொண்ணு இருக்கு.

எனக்கு ஒரே மகன், ஜெயசீலன். பல்லாவரத்துல இருக்கான். போன சித்திரையில மார்க்கெட் படிக்கட்டுல நான் விழுந்துட்டேன். பெருசா ஒண்ணுமில்ல, கணுக்கால் வீக்கம். அவன் ஓடி வந்தான், மூணு நாள் இருந்தான், போறப்ப வாசல்ல நின்னு சொன்னான். இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா பேச்சே இல்லம்மா, வீட்டை வித்துட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவேன். கோபமாச் சொல்லல, அதுதான் பயமா இருந்துச்சு. அவனும் மருமகளும் நல்லவங்க. நல்லவங்க வீட்டுல சும்மா உக்காந்திருக்கிறதுதான் கஷ்டம், தண்ணி குடிக்க எழுந்தாலும் ரெண்டு பேரும் எழுந்து வருவாங்க. அவங்க வீட்டு பால்கனியில துணி காய்ஞ்சாலே கருகுது. என் செடி அங்கே பத்து நாள் தாங்காது. நான் எவ்வளவு நாள் தாங்குவேன்னு நான் கணக்குப் பார்க்கல.

அப்புறம் ஐப்பசியில நான் திரும்ப விழுந்தேன்.

உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன், வெளியில விடாதீங்க. சாரல் உள்ளே அடிச்சுது, பால்கனிக் கண்ணாடியை இழுத்து மூடப் போனேன், தரை ஈரம். வழுக்கி, முதல் பெட்டி மேல கை போய், அப்படியே உக்காந்துட்டேன். ஒரு அரை மணி எழுந்திருக்க முடியல. கத்தல. கத்தினா நாலு பேர் வருவாங்க, நாலு பேர் வந்தா பல்லாவரம்தான். மெதுவாக் கம்பியைப் பிடிச்சு எழுந்து, நானே பத்துப் போட்டுக்கிட்டேன். யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். மறுநாள் காலையில மாஸ்டர் கதவைத் தட்டுறார். கையில சுளுக்கு எண்ணெய். மகள் ரெண்டு பாட்டில் அனுப்பிட்டா லீதியாம்மா, எனக்கு ஒண்ணு போதும்னு நீட்டுறார். அஞ்சு வருஷமா ஒரு எண்ணெய் கிடையாது ஒரு தண்ணி கிடையாது, நான் விழுந்த மறுநாள் எண்ணெய் வருது. வாங்கி அலமாரியில வச்சேன். மூடிகூடத் திறக்கல. அன்னைக்குச் சாயங்காலம் ஜெயசீலன் போன் பண்றான், எடுத்த எடுப்புல, கால் எப்படிம்மா இருக்குன்னு கேக்கிறான். மாஸ்டர்தான். சொல்லிட்டார்.

முன்னாடி கேக்க மாட்டானான்னா? கேப்பான். தினமும்தான் கேப்பான், எனக்கு முட்டுவலி ரொம்ப நாளா இருக்கே. ஆனா அன்னைக்குக் கேட்ட தொனி வேற. பெத்தவளுக்குத் தெரியாதா?

அதே சமயத்துலதான் இலையும் காணோம். சுருக்கம் வச்ச வெள்ளை இருக்குன்னேனே, முதல் பெட்டியில முதல் தொட்டி, அதுல ஒரு முத்தின இலை இல்ல. காம்போட போயிருக்கு. நாலு நாள் கழிச்சுப் பார்க்கிறேன், மாஸ்டர் சமையக்கட்டுச் சன்னல்ல ஒரு கண்ணாடி டம்ளர், தண்ணி, அதுல நிமிர்ந்து நிக்குது என் இலை. என்ன மாஸ்டரேன்னு இங்கிருந்தே கேட்டேன். என் சன்ஷேடு மேல விழுந்து கிடந்துச்சும்மா, வாடிடுமேன்னு எடுத்து வச்சேன்னார். விழுந்து கிடந்துச்சாம். எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கேன் இந்தப் பேச்சை. இதுல பாருங்க, நான் விழுந்த அன்னைக்குத்தான் அந்த இலையும் போயிருக்கு. ஒரு பொம்பளை தரையில கிடக்கிற நேரம் பார்த்துக் கையை நீட்டியிருக்கார்னா என்ன மனசு அது.

என்ன சொல்றீங்க? நான் விழுந்தப்ப என் கை பட்டு ஒடிஞ்சிருக்கும்னா? உங்களுக்கு மரம் தெரியும் ஆசாரியாரே, செடி தெரியாது. நீங்க நிலையைப் பாருங்க.

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் போச்சு. என்னைப் பல்லாவரத்துக்கு அனுப்பிட்டா யாருக்கு லாபம்? யோசிச்சுப் பாருங்க. நான் பதினெட்டுத் தொட்டியையும் தூக்கிட்டா போகப் போறேன்? மாஸ்டரே நீங்க பார்த்துக்கங்கன்னு மகன் சொல்லிட்டுப் போயிடுவான். அஞ்சு வருஷமா எண்ணினது அதுக்குத்தான். கையும் களவுமாப் பிடிச்சு ஜெயசீலன்கிட்டச் சொல்லணும், இந்த ஆள் பேச்சை நம்பாதேன்னு. அவ்வளவுதான் என் யோசனை. அதுக்குத்தான் நேத்து நான் ஊர்ல இல்லாத மாதிரி இருந்தேன்.

காலையில விளக்குப் போடல. ரேடியோ போடல. காப்பி வைக்கல, வாசனை போகும். செருப்பை உள்ளே எடுத்து வச்சேன். தொட்டியைத் திருப்பல, திருப்பினா ஆள் இருக்குன்னு தெரிஞ்சிடுமே. மனசே இல்லாமத்தான் விட்டேன். விளக்கமாத்தை எடுத்துக்கிட்டு பால்கனிக் கதவுக்குப் பின்னால ஸ்டூலைப் போட்டு உக்காந்தேன். கதவு இடுக்குல அவர் சன்னல் தெரியும்.

ஏழு மணிக்கு டீ டம்ளரோட வந்தார். பார்த்தார். உள்ளே போனார். திரும்ப வந்தார், டம்ளர் இல்லாம. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். அப்புறம் லீதியாம்மான்னு ஒரு குரல். நான் மூச்சு விடல. ஆள் இருக்கான்னு சோதிக்கிறார், அடுத்தது கைதான்னு விளக்கமாத்தை இறுக்கிப் பிடிச்சேன். கை வரல. என் போன் அடிச்சுது. அவர்தான், இன்னொரு சோதனை. தலையணைக்கு அடியில வச்சுட்டேன். வாசக்கதவைத் தட்டுறார், லீதியாம்மா, லீதியாம்மா. போய்ட்டு வர்றார், திரும்பத் தட்டுறார். போன் அடிக்குது, நிக்குது, அடிக்குது. அதுல பாதி, மாஸ்டர் தகவல் சொல்லி ஜெயசீலன் பண்ணினதுன்னு அப்புறம்தான் தெரியும்.

எட்டே முக்காலுக்குக் கீழ் வீட்டு சலீம் பாய் குரலும் கேட்டுது. கடப்பாரைங்கிற வார்த்தை காதுல விழுந்துச்சு. அப்பவே வாயைத் திறந்திருக்கலாம்தான். எல்லாரும் இதைத்தான் கேக்கிறாங்க. நீங்களே சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் கூப்பிட்டும் பேசாம இருந்துட்டு, இப்பப் போய் என்ன மாஸ்டரேன்னு கதவைத் திறந்தா என்ன காரணம் சொல்றது? உங்களைப் பிடிக்க விளக்கமாத்தோட உக்காந்திருந்தேன்னா? போயிடுவாங்க, போயிடுவாங்கன்னு உக்காந்தே இருந்தேன். அவங்க போகல. மாஸ்டர் கடப்பாரைக்குக்கூடக் காத்திருக்கல, தோளால மோதுற சத்தம் கேட்டுது. எழுபத்திநாலு வயசு ஆள். அப்புறம் கடப்பாரை. அப்புறம் நிலை விண்டது.

உள்ளே வந்தவர் நேரா குளியலறைக்கு ஓடினார். அங்கிருந்து கட்டிலுக்கு. அங்கிருந்து பால்கனிக்கு. கதவுக்குப் பின்னால நான், விளக்கமாத்தோட.

அவர் என்னைப் பார்த்தார். அப்படியே தரையில உக்காந்துட்டார், இதோ இந்த இடத்துல. மூச்சு வாங்குது. சலீம் பாய் தண்ணி எடுத்துக் கொடுத்தார். ஒரு வாய் குடிச்சிட்டுத்தான் பேசினார்.

"பொட்டு திரும்பல லீதியாம்மா. நேத்து வெளியே பார்த்துச்சு, இன்னைக்கும் வெளியேதான் பார்க்குது. உங்க வீட்டுக்காரர் போனதுலேருந்து ஒரு நாள்கூட அப்படி ஆனதில்ல."

அவ்வளவுதான் சொன்னார். சட்டையில சுண்ணாம்பும் மரத்தூளும். எழுந்து போயிட்டார். சலீம் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, அதை நான் மறக்கவே மாட்டேன்.

அப்ப அஞ்சு வருஷமா பொட்டைத்தான் பார்த்திருக்கார். அது எனக்குப் புரியாம இல்ல. ஆனா எதுக்கு? ஒருத்தர் வீட்டுத் தொட்டியில பொட்டு எந்தப் பக்கம் இருக்குன்னு இன்னொருத்தருக்கு என்ன வந்துச்சு? நான் உயிரோட இருக்கேனான்னு தெரியணும்னா நேரா வந்து கேக்கிறது. கேட்டா நான் ஏன் கேக்கிறீங்கன்னு கேட்டிருப்பேன், அது சரிதான். இருந்தாலும்.

இப்ப நிலைமை என்னன்னா, போன் எடுக்காததுல பயந்துபோன ஜெயசீலன், அப்புறம் நான் நல்லா இருக்கேன்னு சொல்லியும் கேக்காம ராத்திரி பஸ் ஏறி இன்னைக்குக் காலையில வந்து இறங்கிட்டான். என்கிட்ட ரெண்டு வார்த்தைகூடப் பேசல. உடைஞ்ச கதவைத் தடவிப் பார்த்துட்டு, முகத்தைக் கழுவிட்டு, மாஸ்டர் வீட்டுக்குப் போயிருக்கான். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் போனான். என்ன பேச்சுன்னு எனக்குத் தெரியாதா? இன்னைக்கு அந்த ஆள் வாயிலதான் என் வீடு இருக்கு. ஐப்பசியில விழுந்தாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கே பெட்டி கட்டணும். கதவை உடைக்க வச்சுட்டு மன்னிப்புக்கூடக் கேக்காத பொம்பளையை எதுக்கு அவர் காப்பாத்தணும்?

கொஞ்சம் சுத்தியலை நிறுத்துங்க.

மாஸ்டர் சமையக்கட்டுல ரெண்டு பேரும் உக்காந்திருக்காங்க. சன்னல் திறந்திருக்கு. நீங்க இங்கேயே இருங்க, எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

"மாஸ்டர், என்கிட்ட மறைக்காதீங்க. அம்மா திரும்ப எப்பவாவது விழுந்தாங்களா?"

கேட்டுட்டான். கேட்டே விட்டான். ஏன் பேச மாட்டேங்கிறார்? ஸ்பூன் சத்தம் கேக்குது. சர்க்கரை கலக்குறார். டிரில் மாஸ்டர் ஆசாரியாரே, பொய் சொன்ன பசங்களை மைதானத்தைச் சுத்தி ஓட விட்டவர்.

"உங்கம்மாவா? இல்லையே. என்னைவிட நல்லா நடக்கிறாங்க."

நீங்களும் கேட்டீங்கள்ல? எனக்கு மட்டும் கேட்டது இல்லையே. இல்லையேன்னார். தெரியாமச் சொல்லல, எண்ணெய் கொண்டுவந்தவருக்குத் தெரியாதா. அப்ப அன்னைக்கும் சொல்லல போலிருக்கு. ஜெயசீலன் எப்பவும் கேக்கிற மாதிரிதான் கேட்டிருக்கான்.

ஏன் இப்படிச் சொல்றார்? இதுல அவருக்கு என்ன கிடைக்கப் போகுது? என்னை இங்கேயே இருக்க வச்சா ஒரு இலைகூடக் கிடைக்காதுன்னு அவருக்கே தெரியும். யோசிச்சா ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. இருங்க, ஜெயசீலன் பேசுறான்.

ஒரு சாவி உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கும், அம்மா கொடுக்க மாட்டாங்க, ஒரு இலையே கொடுக்காதவங்கன்னு சொல்றான். சிரிக்கிறானா பாருங்க, பெத்த தாயைப் பத்தி.

"கேக்காதப்பா. கேட்டா இருக்கிற பூட்டையும் மாத்திடுவாங்க. எனக்குச் சன்னல் போதும்."

தூசி கண்ணுல பட்டுடுச்சு. ஒண்ணுமில்ல. நீங்க இழைச்ச தூசிதான். கொஞ்ச நேரம் பேசாம இருங்க.

ஆசாரியாரே, அந்தப் புதுத் தாழ்ப்பாளைத் திரும்பப் பைக்குள்ள போடுங்க. உள்ளேருந்து மட்டும் பூட்டுறது வேண்டாம். வெளியிலிருந்தும் சாவி போட்டுத் திறக்கிற மாதிரி இருக்குமே, அது வச்சிருக்கீங்களா? இருக்கா. எத்தனை சாவி வரும்? மூணா. ஒண்ணு எனக்கு. ஒண்ணு ஜெயசீலனுக்கு. மூணாவது, நீங்க வேலை முடிஞ்சு போறப்ப மூலை வீட்டுல கொடுத்துட்டுப் போங்க. நான் கொடுக்கச் சொன்னேன்னு சொல்லக் கூடாது. இந்தப் பூட்டுக்கு ஒரு சாவி அடுத்த வீட்டுல இருக்கணும், கம்பெனியில அப்படித்தான் போட்டிருக்குன்னு சொல்லுங்க. கம்பெனியில அப்படிப் போடலேன்னு எனக்கும் தெரியும். அவர் நம்ப மாட்டார்னும் தெரியும். நீங்க சொல்லுங்க, போதும். உங்களுக்கு என்ன சிரிப்பு?

நாற்காலி தள்ளுற சத்தம் கேட்டுச்சா? எழுந்துட்டான். வராண்டாவுல வர்றான். சுத்தியலை எடுங்க. அடிங்க. எங்கேயாவது அடிங்க, இன்னும் பலமா.

வா ஜெயசீலா. என்னப்பா சொன்னே? இந்த ஆசாரி போடுற சத்தத்துல காலையிலேருந்து ஒண்ணுமே காதுல விழல.